சாணிப்பால் குறி

சித்திரை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, செம்பரம்பாக்கம் பக்கத்து வானத்தில் ஒரு மேகம் எட்டிப் பார்த்தது. முறத்தளவு மேகம்தான். அந்த நேரத்தில் ஒரகடம் சாலையில் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் அது வந்து நாலு தூறல் போடாதா என்றுதான் ஏங்கியிருப்பார்கள். ராஜாமணி மட்டும் அது வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

"ஒலகு, அத்த பாரு."

உலகம்மாள் கையிலிருந்த கோலைக் கீழே போடாமலேயே நிமிர்ந்து பார்த்தாள். "எது, அதுவாக்கா? அது வெறும் வெள்ள மேகம்லா. எங்கூர்ல இதயெல்லாம் மேகம்னே சொல்ல மாட்டாவ."

"உங்கூர்ல மேகத்த பாத்தாதானே சொல்லுவீங்க."

"அதுஞ் சரிதான்," என்று உலகம்மாள் சிரித்துவிட்டு மறுபடி கோலை ஓங்கினாள்.

அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். செல்போன் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங் லைனில் வேலை. ராஜாமணி வீட்டுக்குப் பின்கட்டில் இருக்கிற வாடகை அறையில் இன்னும் மூன்று பெண்களோடு இருக்கிறாள். ஊரில் எள்ளடித்த கை என்று அவளே சொல்லிக்கொண்டு, கிடைத்த ஒரு நாள் லீவையும் தூங்கிக் கழிக்காமல் வந்து நிற்கிறாள். சம்பளம் பேசவில்லை. ராத்திரிக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று மட்டும் பேச்சு.

வயல் ஒண்ணேகால் ஏக்கர். வல்லக்கோட்டையிலிருந்து உள்ளே போகிற மண் பாதையின் ஓரத்தில், ஒரு கம்பெனியின் பின்பக்க மதில் சுவருக்கும் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற யார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் தார்ப்பாயில் காய்ந்த செடி குவிந்திருந்தது. கோல் விழும்போதெல்லாம் வாசனை எழும்பியது. கோயில் வாசலில் கதம்பத்தில் வைத்துக் கட்டுவார்களே, துண்ணூத்துப் பச்சிலை, அந்த வாசனை. துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு செடி. ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் கேட்பாரற்று வளர்ந்து, ஆடு கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிற செடி. அதன் விதையைத்தான் கடையில் சப்ஜா என்கிறார்கள். ரோஸ்மில்க்கில் தவளை முட்டை போல மிதக்கிறதே, அது.

அந்தச் செடிக்கு மதிப்பு உண்டு என்று ராஜாமணிக்குத் தெரிய வந்ததே வேலை போன பிறகுதான். பதினோரு வருஷம் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினாள். காண்ட்ராக்ட் கைமாறியது. புதிதாக வந்தவன் நாற்பத்தைந்து தாண்டியவர்களையெல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினான். சும்மா உட்கார முடியாமல் இதே மதில் சுவருக்கு வெளியே, ஏசி தண்ணீர் ஒழுகுகிற ஈரத்தில் காடு மாதிரி கிளைத்திருந்த பச்சிலையைக் கிள்ளிக் கட்டுக் கட்டி, வல்லக்கோட்டை முருகன் கோயில் பூக்கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிருத்திகை அன்று சாமி கும்பிட வந்த ஆறுமுகநயினார் அந்தக் கட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். தென்காசிக்காரர், பட்டணத்தில் நாட்டுமருந்து வியாபாரம்.

"எலைய ஏம்மா விக்கிய? வெதய விடு. வெதைக்கு இதப்போல பத்து மடங்கு தாரேன்," என்றார்.

அன்றிலிருந்து ராஜாமணி கதிர் முற்றுகிற வரைக்கும் காத்திருந்து, உருவி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விதை சேர்த்தாள். பாட்டில் நிறைந்த வாரத்தில் கம்பெனிக்காரர்கள் சுவரோரம் சுத்தம் செய்கிறோம் என்று களைக்கொல்லி அடித்தார்கள். எட்டே நாளில் அத்தனை செடியும் கருகிப் போயிற்று. பாட்டில் மட்டும் மிச்சம். அந்த பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டுதான் அவள் வயலைக் கேட்டாள்.

வயல் அவள் கணவன் ரகுபதிக்கும் அவன் அண்ணன் சுப்பனுக்கும் பொது. சுப்பன் அதற்குள் ஓர் ஆளைப் பிடித்து, வயலில் மண் கொட்டி மேடாக்கி லாரி நிறுத்த விடுவது என்று பேசி முடித்துவிட்டார். பத்திரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். ரகுபதி கையெழுத்து பாக்கி. ஒரு பட்டம் மட்டும் பயிர் வைத்துப் பார்க்கிறேன் என்று ராஜாமணி நடுவில் வந்து நின்றபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"தெருவுல மொளைக்கிற செடிய வயல்ல வெக்கிறியா? சரி, வெய்யி. நாப்பது கிலோ மூட்டையில நாலு மூட்ட வெத காட்டு. காட்டிட்டின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன், நெலத்த நீயே வெச்சிகினு ஆளு. இல்லன்னா சித்திர முடியச்சொல்ல மண்ணு லாரி உள்ள வந்துரும். அப்ப மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

ரகுபதி பக்கத்தில்தான் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அவன் ஒரு கம்பெனி கேட்டில் ஒன்பது வருஷமாக செக்யூரிட்டி. கேட்டில் அவனைப் பார்க்க வேண்டும். பாஸ் இல்லை என்றால் மேனேஜர் மச்சானாக இருந்தாலும் வெளியேதான். அதே ஆள் அண்ணன் முன்னால் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த நாலு மாதத்தில் அவன் ஒரு நாள் கூட வயலுக்குள் இறங்கி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வருவான், தூங்குவான், எழுந்து போவான்.

மேகம் இப்போது பாய் அளவுக்கு விரிந்திருந்தது. அடிவயிறு கறுத்திருந்தது.

"யக்கா, இது வரும்போலத்தான் இருக்கு," என்றாள் உலகம்மாள், இந்தத் தடவை சிரிக்காமல்.

"வாய வெக்காதடி."

இந்த விதைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு விநோதமானது. தண்ணீரில் போட்டால் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வீங்குகிறது பாருங்கள், அதற்காகத்தான் அத்தனை விலையும். ஆனால் அந்த வீக்கம் ஒரே ஒரு தடவைதான். களத்தில் நனைந்துவிட்டால் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து அடையாகிவிடும். அதைப் பிறகு உதிர்த்துத் தண்ணீரில் போட்டால் மணல் மாதிரி கிடக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்ட சரக்கென்றாலும் தொட மாட்டேன் என்று நயினார் தலையிலடித்துச் சொல்லியிருந்தார். ராஜாமணி இதை ரகுபதியிடமும் சொல்லியிருந்தாள். அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து கட்டிலில் கிடந்தபோது இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் "உம்" என்றான்.

காற்று கிளம்பியது. முதலில் யார்டுப் பக்கத்திலிருந்து புழுதி வந்தது. பிறகு பிளாஸ்டிக் பைகள் பறந்து வந்தன. ராஜாமணி அடித்த விதையையெல்லாம் தார்ப்பாயின் நடுவுக்கு இழுத்துக் குவித்தாள். உலகம்மாள் ஓடிப்போய் வேலியில் போட்டிருந்த ஃப்ளெக்ஸை எடுத்து வந்தாள். யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையும் பெண்ணும் பல் தெரியச் சிரித்தபடி விதைக் குவியலின் மேல் மல்லாந்தார்கள். நாலு மூலையிலும் கல்லை வைத்து, போதாதென்று ராஜாமணி ஒரு மூலையில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

முழங்கைக்கு மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மாப்பிள்ளையின் நெற்றியில் ஒன்று. தார்ப்பாயின் ஓரத்தில் ஒன்று.

"முருகா, உனக்கு எத்தினி கட்டு பச்சிலை குடுத்திருப்பேன்! நீ கேக்கலன்னாலும் நான் குடுத்தேன். இன்னும் ரெண்டு நாளு. ரெண்டே நாளு தள்ளி வுடு. அப்பால எவ்ளோ வேணா பெய்யி."

"யக்கா, அது மேக்க திரும்புது. பாருங்க, காஞ்சிவரம் பக்கமால்லா போவுது."

திரும்பித்தான் போயிற்று. வந்ததற்கு அடையாளமாக நல்ல காற்றை விட்டுவிட்டுப் போயிற்று. நாலு மணிக்கு அந்தக் காற்றிலேயே நின்று தூற்றினார்கள். முறத்தை உயர்த்திப் பிடித்து உலகம்மாள் சரிக்கச் சரிக்க, சருகும் தூசியும் யார்டுப் பக்கம் பறந்தன. விதை நேராகக் கீழே இறங்கியது. கடுகை விடப் பொடிசு, நல்ல கறுப்பு, கையை விட்டால் நழுவி ஓடும். ராஜாமணிக்கு அதில் கையை விட்டு எடுப்பதே சுகமாயிருந்தது.

பைக் சத்தம் கேட்டது. சுப்பன் வேலி இடைவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்போடு தார்ப்பாய் ஓரம் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வயலில் அவரும் ஏர் ஓட்டியிருக்கிறார். எதிலும் கறாரான ஆள், அவ்வளவுதான்.

"இன்னாம்மா ராஜாமணி, முடிஞ்சிச்சா?"

"ஆவுது மாமா."

அவர் குனிந்து கையை முழங்கை வரைக்கும் குவியலுக்குள் விட்டுக் கிளறி, ஒரு பிடி எடுத்து ஊதிப் பார்த்தார். "வெத நல்லாத்தான் கீது. ஆனா மூணரதான் தேறும்."

"நாலுக்கு மேலயே கீது மாமா. நாளைக்கு நீங்களே வந்து பாருங்க."

"வராம? டிப்பர்காரன் கிட்ட நாளிக்கி பதினோரு மணின்னு சொல்லி வெச்சிகீறேன். நாலு இருந்தா அவன திருப்பி அனுப்பிச்சிடுவேன். நான் பேச்சு மாற மாட்டேன்." கையைத் தட்டிக்கொண்டு போய் வண்டியை எடுத்தார்.

அவர் போன பிறகு உலகம்மாள் சொன்னாள்: "அந்தப் பெரியவர் கைய விட்டுக் கிண்டுனது எனக்குப் பிடிக்கவே இல்லக்கா. கண்ணு பட்ரும்."

"உடு. கண்ணாவது ஒண்ணாவது," என்றாள் ராஜாமணி. ஆனால் அவளுக்கும் பிடிக்கவில்லை.

ஆறு மணிக்கு ரகுபதி யூனிஃபார்மில் வந்தான். டூட்டிக்குப் போகிற வழி. சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கறுத்த கோபுரம் மாதிரி, இடுப்பளவுக்குச் சற்றே குறைவாகக் குவிந்திருந்தது. அந்த மண்ணில் அப்படி ஒரு பொலி, தூற்றிய தானியக் குவியல், எழும்பி ஏழெட்டு வருஷமாகிறது.

"எங்கப்பா இருக்கச்சொல்ல பாத்தது," என்றான். பிறகு, "பொலிய இப்டியேவா உடுவாங்க?" என்று கேட்டான்.

"பின்ன? ஃப்ளெக்ஸ போட்டு மூடிகினு நான் இங்கியே படுத்துக்கிறேன். நீ நேரத்தோட போ, லேட் போட்றப் போறான்."

அவன் பொலியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போனான்.

ராத்திரி மழை இல்லை. ஆனாலும் ராஜாமணி கண்ணை மூடவில்லை. விடிந்து ஏழு மணிக்கு ரகுபதி நேராக வயலுக்கே வந்தது அவளுக்கு ஆச்சரியமாயிருந்தது.

"நீ வூட்டுக்குப் போயி மூஞ்சி கழுவிகினு, சாக்கு, கோணி ஊசி எல்லாம் எட்தா. நயினாரு பத்துக்கு வர்றாருன்னியே. நான் பாத்துக்கிறேன்."

நயினார் வருகிற நேரம் வரைக்கும் இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! அவள் வீட்டுக்கு நடந்த நடையே வேறாக இருந்தது. கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்தாள், அவனுக்கென்று கேழ்வரகுக் கூழ் கரைத்துத் தூக்கில் ஊற்றினாள், நாலு சாக்கையும் உதறிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாவதாக ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டாள். எட்டரைக்குத் திரும்பினாள்.

மண் பாதையிலிருந்து பார்க்கும்போதே மாப்பிள்ளையும் பெண்ணும் பொலியின் மேல் இல்லை. ஃப்ளெக்ஸ் ஒழுங்காக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ரகுபதி யூனிஃபார்ம் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி விட்டுக்கொண்டு பொலியின் பக்கத்தில் குந்தியிருந்தான். அருகே பச்சை வாளி. பொலியின் உச்சியில் ஒரு சாணிப் பிள்ளையார், அதன் தலையில் அருகம்புல். உச்சியிலிருந்து அடிவரைக்கும் எட்டுத் திசைக்கும் எட்டுக் கோடுகள். அடியைச் சுற்றி மூன்று வட்டம். எல்லாம் சாணிப்பால்.

நெல் விளைந்த காலத்தில் அது அந்த ஊர் வழக்கம். பொலியைக் களத்தில் விட்டுவைத்தால், அந்த வீட்டு ஆண்பிள்ளை சாணத்தைத் தண்ணீரில் கரைத்துப் பொலிமேல் கோடு போட்டுக் குறி வைப்பான். யாராவது கை வைத்தால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கண்ணேறும் படாது. நெல்லுக்கு உமி இருக்கிறது. கொஞ்சம் சாணிப்பால் பட்டால் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும்.

"எங்கப்பா போட்ற மாரியே போட்டுகீறன் பாரு," என்றான் ரகுபதி. முகமெல்லாம் பூரிப்பு. "தாராளமா வுட்டேன், ரெண்டு வாளி. இனிமே எவன் கைய வெக்கிறான்னு பாப்போம்."

ராஜாமணி பார்த்தாள். கறுத்த பொலியில் கோடு போன வழியெல்லாம் வெளுத்திருந்தது. பார்க்கப் பார்க்கவே உப்பிக்கொண்டிருந்தது. கோட்டின் கரையிலிருந்த விதைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெதுவாகச் சரிந்தன. அடியில், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைப் பொலி உறிஞ்சி உறிஞ்சி, சுற்றிலும் தவளை முட்டை வரப்புக் கட்டினாற்போல் நின்றது.

தூக்கு கையிலிருந்து விழுந்தது.

"யோவ்! பாவி! இன்னாயா பண்ணி வெச்ச!"

"இன்னாமே? இன்னா ஆச்சி?"

"தண்ணி பட்டா போச்சின்னு சொன்னனே! ரெண்டு வாட்டி சொன்னேனே!"

"எப்ப?"

"கட்டில்ல படுத்துகினு உம்மு உம்முனியே!"

"தூங்கிகினு இருந்திருப்பேன் மே," என்றான்.

அழுவதற்கு நேரமில்லை. அவள் பொலியின் நெஞ்சில் இரண்டு கையையும் பாய்ச்சிப் பிளந்தாள். உள்ளே விதை இன்னும் உலர்ந்துதான் இருந்தது. "சாக்க புடி! காஞ்சத மட்டும் எடு! கை ஈரமா பாரு, தொடச்சிக்கோ!" ரகுபதி சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு சாக்கின் வாயை விரித்தான். அவள் முறத்தால் அள்ளி அள்ளிக் கொட்டினாள். ஈரம் ஒரு பக்கம் துரத்த, அவர்கள் மறு பக்கம் அள்ள, போட்டி போலத்தான் நடந்தது. கோடு போன இடத்தைக் கொட்டாங்கச்சியால் சுரண்டி வாளியில் போட்டாள். பிள்ளையாரையும் ஓரமாக எடுத்து வைத்தாள். அவர்மேல் என்ன தப்பு.

முதல் சாக்கு நிறைந்தபோது ரகுபதி தன்னையறியாமல், "லாபம்," என்றான். களத்தில் ஒன்று என்று எண்ணுகிற வழக்கமில்லை. முதல் அளவு எப்போதும் லாபம்தான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு இரண்டு. மூன்றாவது சாக்கு பாதிக்கு வந்தபோது முறம் தார்ப்பாயில் ஈரத்தைத் தட்டியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மிச்சமெல்லாம் வாளியிலும், களத்தில் தண்ணீருக்கு வைத்திருந்த அண்டாவிலும் கொழகொழவென்று, சாணி நாற்றத்தோடு கிடந்தது.

ராஜாமணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவன் எதிரே குந்தினான். கண் சிவந்திருந்தது. தூங்காததாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணன் நேத்து வந்து கைய வுட்டு கிளறிச்சின்னு கேள்விப்பட்டேன். ஒலகுதான் சொல்லிச்சி, நான் டூட்டிக்குப் போவச்சொல்ல வழியில பாத்து. ராத்திரி பூரா மனசு கேக்கல. நாலு மாசமா நீ ஒண்டியா கஷ்டப்பட்ட, நான் ஒண்ணும் செய்யல. குறியாவது நான் போட்டேன்னு இருக்கட்டும்னு..."

அவளுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. நல்ல நல்ல வார்த்தைகளாக வாய்க்குள் வரிசை கட்டி நின்றன. நாலு மாதமாக இந்தச் செடிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றாதவன், ஊற்றிய முதல் வாளி இது. ஆனால் அவள் பக்கம் என்று அவன் வந்து நின்றதும் இதுதான் முதல் தடவை. அவளுக்குத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை.

"கூழு கொட்டிச்சி," என்றாள். "கொஞ்சம் மிச்சம் கீது பாரு, குடி."

பத்து மணிக்குச் சொன்னபடி ஆறுமுகநயினார் மினி வேனில் வந்தார். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வாங்கி, மூன்று சாக்கிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை போட்டுக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். விதைகள் ஒவ்வொன்றாக வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கின.

"ஏ அப்பா! கடையில வார சரக்கு இதுகிட்ட நிக்காது தாயி. காட்டு வெதல்லா, அதான் இம்புட்டு வீரியம். சரி, நாலு மூடைன்னு சொன்னிய?"

ராஜாமணி அண்டாவைக் காட்டினாள். அவர் குனிந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "சாணியா? யாரு செஞ்ச வேலம்மா இது?"

ரகுபதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கை தவறி நடந்திடுச்சிங்க," என்று ராஜாமணி முந்திக்கொண்டாள்.

"போட்டும், அடுத்த பட்டத்துக்கு எம்புட்டு வந்தாலும் எனக்கே போடுங்க. வேற எவனுக்கும் குடுத்துராதிய." சொல்லிவிட்டு இரண்டரை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த பட்டம் என்று அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அரை மணி நேரத்தில் மண் லாரி வரப்போகிற வயலில் என்ன அடுத்த பட்டம்?

கொட்டிவிடலாம் என்று அண்டாவைத் தூக்கப் போனவள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். விதைகள் விரலைச் சுற்றி வழுக்கின. தை மாதம் விதைக்கும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் விதையை அவள் என்ன செய்தாள்? சாணித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்தாள். அப்போதும் இதே மாதிரிதான் வழுக்கியது. மணலைச் சேர்த்துப் பிசிறி விதைத்தாள். மூன்றாம் நாள் முளை கண்டது.

அவள் எழுந்தாள். வரப்போரத்துக் காய்ந்த மணலை இரண்டு கூடை அள்ளி வந்து அண்டாவில் கொட்டினாள்.

"இன்னா பண்ற?"

"களக்கொத்த எடு. வேலி வாய்ல இருந்து உள்ளாற, லாரி நொழையிற எடம் பூரா கொத்திகினே வா. நான் பின்னால தூவறேன்."

"இந்த வெயில்லயா? தண்ணி இல்லாம எப்டி மொளைக்கும்?"

"மொளைக்குதோ இல்லியோ. நீ கொத்து."

அவன் மறுபேச்சுப் பேசாமல் கொத்தினான். அறுத்த தாள்களுக்கு நடுவே மண் புழுதியாகப் பொலபொலத்தது. அவள் ஒவ்வொரு பிடியாக வீசிக்கொண்டே பின்னால் போனாள். சரியாகப் பதினோரு மணிக்கு மண் பாதையில் புழுதி கிளம்பியது. முன்னால் சுப்பனின் பைக், பின்னால் செம்மண் ஏற்றிய டிப்பர்.

ரகுபதி களைக்கொத்தைக் கீழே வைத்தான். சுருட்டிய பேன்ட்டை இறக்கி விட்டான். சட்டையை உள்ளே செருகினான். சைக்கிளில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்து, தட்டி, தலையில் வைத்துக்கொண்டு வேலி இடைவெளிக்கு நடுவே போய் நின்றான்.

சுப்பன் வண்டியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். "ரெண்டரதான் ஏத்திகினு போனாரு யாவாரி. ரோட்டாண்ட பாத்தேன். சரி, அவ பாவம், பாடுபட்டா. பேச்சு பேச்சுதானே. தள்ளுடா ரகு, வண்டி உள்ள வரட்டும்."

"பாஸ் கீதாணா?"

"இன்னா பாஸு?"

"லோடு உள்ள போவணும்னா பேப்பர்ல ரெண்டு கையெழுத்து இருக்கணும். ஒண்ணுதான் கீது."

சுப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "டேய், நாலு மூட்டன்னு பேச்சு."

"நாலு மூட்ட வந்திச்சிணா. நேத்து நீயே கைய வுட்டுப் பாத்த. ஒண்ணர மூட்டய ஊற வெச்சி பாழாக்கினது நானு. அதுக்கு அவ இன்னா பண்ணுவா?" அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டான். "அதுவும் இல்லாம உள்ள வெதப்பு நடக்குது. வெதச்ச மண்ணுமேல நம்ம அப்பா என்னிக்காவது வண்டிய வுட்டுதா? நீயே சொல்லு."

சுப்பன் வேலிக்கு அப்பால் பார்த்தார். ராஜாமணி ஒரு பிடியை வீசிவிட்டு, அடுத்த பிடிக்குக் கையை அண்டாவில் விட்டபடி அப்படியே நின்றிருந்தாள். டிப்பர்காரன் ஹாரன் அடித்தான். சுப்பன் அவனைப் பார்த்துக் கையைக் காட்டி அடக்கினார்.

"எத்தினி நேரம்டா இப்டி நிப்ப?"

"பன்னண்டு மணி நேர டூட்டிணா. எனக்குப் பழக்கம்தான்."

சுப்பன் தலையை ஒரு தடவை ஆட்டினார். சரி என்றா, இருக்கட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றா என்று ராஜாமணிக்குப் புரியவில்லை. பைக்கைத் திருப்பினார். டிப்பர் கீங் கீங் என்று கத்திக்கொண்டு பின்னாலேயே போய், பாதை முக்கில் மரத்து நிழலில் நின்றது. போய்விடவில்லை. டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தான்.

ராஜாமணி மிச்சத்தை வீசினாள். அண்டா காலியானபோது வெயில் திடீரென்று மங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். செம்பரம்பாக்கம் பக்கத்தில் நேற்றைய அதே மேகம், இந்தத் தடவை முறத்தளவில்லை, பாதி வானத்துக்கு வந்திருந்தது. புழுதியில் கிடக்கிற விதைகளை அவள் குனிந்து பார்த்தாள். ஒரு நாள் வெயிலில் இவை செத்துவிடும். இப்போதே வந்தாக வேண்டும். நேற்றுப் போல மேற்கே திரும்பிப் போய்விட்டால்? நேற்று அவள் வேண்டிக்கொண்டது இரண்டு நாளல்லவா? முருகன் சொன்ன சொல் மாறாதவனாயிற்றே.

முழங்கைக்கு மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

வேலி வாயிலிருந்து ரகுபதி பதறிக் கத்தினான்: "ராஜாமணி! மழ வருதுமே! ஃப்ளெக்ஸ எட்தாந்து மூடட்டா?"

"ஒண்ணும் மூட வோணாம்," என்று அவள் முகத்தை வானத்துக்குக் காட்டியபடியே திருப்பிக் கத்தினாள். "நீ கேட்ட வுட்டு நவுராத!"